அத்தை பேருக்கு அப்பா எழுதின அர்த்தம்

எங்கள் கடையில் பெயர்ப்பலகை செய்தால் அர்த்தம் இலவசம். வீட்டுக் கதவுக்கோ, அலுவலக மேசைக்கோ, ஓய்வு பெறுகிறவருக்கோ, எதற்குப் பித்தளைத் தகடு வெட்டினாலும் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பெயரின் அர்த்தத்தை அப்பா பொறித்துக் கொடுப்பார். கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்கும் கொடுத்திருக்கிறார்.

அர்த்தங்கள் எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் இருந்தன. பித்தளைத் தூள் படிந்து படிந்து அதன் ஓரம் தங்கம் பூசியதுபோல் மின்னும். சின்ன வயதில் அதில் இருப்பதெல்லாம் சத்தியம் என்று நம்பினேன். கல்லூரியில் ஒரு மழை நாளில், வெளியே போக வழியில்லாமல் நூலகத்தில் லத்தீன் அகராதியைப் புரட்டியபோதுதான் எங்கள் குடும்பத் தொழிலின் லட்சணம் தெரிந்தது. பவுல் என்றால் சிறியவன். எங்கள் நோட்டில் ‘அளவானவன்’. பிளேசியுஸ் என்றால் திக்கிப் பேசுபவன். நோட்டில் ‘யோசித்துப் பேசுபவன்’. கால்வின் என்ற பெயரின் வேர் வழுக்கை. நோட்டில் ‘ஒளி வீசும் நெற்றியன்’. ஊரில் பாதி வாசலில் எங்கள் பொய் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை எலுமிச்சை தேய்த்துத் துடைக்கவும் செய்தார்கள்.

அத்தை பெயரை மட்டும் அன்று தேடவில்லை. அத்தைக்கு அத்தை என்பதே பெயர் என்ற நினைப்பு. கிளாடியா என்று அவரை அழைத்தது சம்பளப் பட்டியல் மட்டும்தான்.

அத்தை தபால்காரர். முப்பத்தாறு வருடம் அதே தெருக்களைச் சுற்றும் ஒரே வட்டம், ஒரே பை. நாலு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டதால் அவர் நடைக்கென்று ஒரு சத்தம் உண்டு. வலது கால் ‘டக்’, இடது கால் ‘சர்ர்’. டக்-சர்ர் கேட்டால் தெருவில் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். எந்த வீட்டில் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறார்கள், எந்த வீட்டில் வெளிநாட்டுக் கடிதம் நின்றுபோனது, எல்லாம் அத்தைக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டார். என்னிடம் மட்டும் அரைவாசி சொல்வார்.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். முன்னால் அத்தை, இருபது அடி பின்னால் நான்.

“மெதுவா போங்க அத்தை.”

“எனக்கு ஒரு கால்தான் ஒழுங்கு. உனக்கு ரெண்டும் ஒழுங்கு. சொல்றதுக்கு வெக்கமா இல்ல?”

அந்த வெயிலும், பையில் இருந்து வரும் பசை வாசனையும், மூன்றாவது தெரு முனையில் அத்தை பாதி பிட்டுத் தரும் பன்னும் இன்னும் அப்படியே இருக்கின்றன. நினைவில் நான் மட்டும் கொஞ்சம் வேகமாக நடக்கிறேன்.

நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அத்தை ஓய்வு பெறும் நாள் வந்தது. தபால் நிலையத்திலிருந்து போஸ்ட்மாஸ்டரே கடைக்கு வந்து பலகைக்கு ஆர்டர் கொடுத்தார். அகலமான மனிதர், எதையும் முத்திரை குத்துவதுபோல் மேசையைத் தட்டித்தான் சொல்வார்.

“பேர், வருஷம், அவ்வளவுதான்.” தட்டு. “அர்த்தம் மட்டும் போட வேணாம்.” தட்டு.

அப்பாவின் முகம் மாறியது. “அர்த்தம் இலவசம் சார்.”

“தெரியும். ஆனா அதை என் பேச்சுல நான் சொல்லப் போறேன். நானே உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணேன். கிளாடியா, லத்தீன் பேர், தெரியுமா? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு எல்லாரும் அசந்துடுவாங்க.”

“என்ன அர்த்தம் சார் எழுதியிருக்கீங்க?”

“அதைச் சொன்னா அப்புறம் என்ன சுவாரசியம்?” தட்டு. போய்விட்டார்.

அப்பா கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“என்னப்பா?”

“நொண்டி” என்றார் அப்பா.

“யாரு?”

“அந்தப் பேருக்கு அர்த்தம்டா. கிளாடுஸ்னா லத்தீன்ல நொண்டி. அதுல இருந்து வந்த பேரு. அந்த ஆளு அதை மைக்ல சொல்லப் போறான். அவ முன்னாடி.”

அப்போதுதான் கதை வெளியே வந்தது. தாத்தா ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர். அத்தையைப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவின் பெயர் கிளாடியா. அனுமதி கேட்டு அதையே குழந்தைக்கு வைத்தார்.

“அந்த டாக்டரம்மா எப்படி நடப்பாங்க?” என்று கேட்டேன்.

“நடக்கவே மாட்டாங்க, ஓட்டம்தான். அதைப் பார்த்துதான் உங்க தாத்தா வச்சார்.”

பெயர் முதலில் வந்தது, காய்ச்சல் நாலு வருடம் கழித்து. அப்பா பதினோராம் வகுப்பு படிக்கும்போது பள்ளி நூலகத்தில் இருந்த ஒரே ஒரு லத்தீன் அகராதியில் தங்கையின் பெயரைத் தேடியிருக்கிறார். கிடைத்தது. அதே பள்ளியில் கீழ் வகுப்பில் அவள் படிக்கிறாள். கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கிற பழக்கம் வேறு. என்றைக்காவது அவளும் தேடத்தானே செய்வாள்? மறுநாள் அப்பா ஒரு துண்டுக் காகிதமும் கொஞ்சம் மைதா பசையும் கொண்டுபோனார். அச்சடித்த அர்த்தத்தின் மேல், கச்சிதமாக வெட்டி ஒட்டினார்.

“என்னன்னு எழுதினீங்க?”

அப்பாவுக்கு இந்த வயதிலும் கூச்சம். “‘தளராமல் நடப்பவள். வேண்டுமானால் ஓடுவாள்.’”

“ஓடுவாளா?”

“சின்ன வயசுடா. ஒரு வேகத்துல எழுதிட்டேன். கடை ஆரம்பிச்சப்ப நோட்டுல முதல் வரியை மட்டும்தான் ஏத்தினேன். ரெண்டாவது வரி அந்தத் துண்டோட போச்சு.”

எங்கள் நீல நோட்டின் முதல் பெயர் கிளாடியாவாக இருப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு பெயருக்குப் பொய் எழுதியதும், மற்ற பெயர்களுக்கு உண்மை எழுத அப்பாவுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் எங்கள் தொழிலின் வரலாறு.

“இத்தனை வருஷம் காப்பாத்திட்டேன்” என்றார் அப்பா. “கடைசி நாள்ல, அத்தனை பேர் முன்னாடி, அவ அதைக் கேக்கக் கூடாது. வேற நல்ல அர்த்தம் ஏதாவது இருக்கான்னு உன் போன்ல பாரு.”

பார்த்தேன். ஆங்கிலத்தில் தேடியதில், ரோமாபுரியில் அது ஒரு பெரிய குலத்தின் பெயர். முதன்முதலில் யாரோ ஒரு முப்பாட்டன் விந்தி நடந்திருப்பான். பிறகு வந்தவர்கள் எல்லாம் எவ்வளவு நன்றாக ஓடியும் பட்டம் போகவில்லை. அந்தக் குலத்தில் ஒரு பேரரசர் உண்டு. அவர் நிஜமாகவே விந்தி நடந்தவர். அவருக்கு முன்னூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒருவர் ரோமிலிருந்து முதல் பெரிய நெடுஞ்சாலையைப் போட்டவர். வயதான காலத்தில் பார்வை போய்விட்டது.

“நொண்டின்னு பேர் வச்ச குடும்பம்தான்ப்பா ரோடு போட்டிருக்கு.”

“இதை அந்த ஆளுக்கு யார் சொல்றது?” என்றார் அப்பா. “அவன் எழுதி முடிச்சுட்டான். அந்தப் பேச்சு இருக்கக் கூடாது. நீதான் காலேஜ்ல கிண்டல் பத்திரிகை நடத்துறியே, ஒரு தாளைக் காணாமப் பண்ணத் தெரியாதா?”

பத்திரிகையில் தாள்களை அச்சடிப்பதுதான் வழக்கம், காணாமல் போக்குவது கல்லூரி முதல்வரின் வேலை என்று சொல்ல வாய் வந்தது. அப்பா அரத்தை எடுத்து மறுபடி கீழே வைத்தார். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, விழாவில் பலகையை வைக்கப் போகும் இடத்தை அளக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, டேப்புடன் தபால் நிலையத்துக்குள் நுழைந்தேன். போஸ்ட்மாஸ்டர் மேசையில் ‘வழியனுப்பு விழா’ என்று எழுதிய கோப்பு. பின்பக்கம் தபால் வண்டிக்காரரோடு அவருக்கு ஏதோ வாக்குவாதம். அவர் எழுந்து போனார். கோப்பைத் திறந்தேன். ஒற்றைத் தாள். ‘கிளாடியா என்ற இந்த லத்தீன் பெயரின்’ என்பது வரைதான் படித்தேன். காலடிச் சத்தம். தாளை நாலாக மடித்துக் கையில் பொத்திக்கொண்டு பொதுமக்கள் பக்கம் வந்துவிட்டேன். கதவுக்கு இன்னும் நாலு அடி.

“தம்பி! நில்லு!”

நான் போட்டிருந்தது பை இல்லாத பனியன். எதிரே சுவரில் வாயைத் திறந்தபடி தபால் பெட்டி. தபால் நிலையத்தில் ஒரு தாளை ஒளிக்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? போட்டேன்.

“டேப்பை வச்சிட்டுப் போறியே” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

கடைக்குத் திரும்பியபோது அப்பா பலகையின் நாலாவது திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது. தாள் இனி யார் கைக்கும் கிடைக்காது.”

“எங்க போட்ட?”

“தபால் பெட்டியில.”

அப்பா நிமிர்ந்தார். “அந்தப் பெட்டியைத் திறந்து எடுக்கிறது யாரு?”

கையில் இருந்த டேப்பை மேசையில் வைத்தேன்.

“நாலு மணிக்கு” என்றார் அப்பா. “தினமும் நாலு மணிக்கு. அவதான்டா.”

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. மேலே முகவரி இல்லை, உறை இல்லை. கையில் எடுத்தால் படிக்காமல் இருக்க முடியாத ஒரு தாள். மைக்கில் கேட்டிருக்க வேண்டியதை அத்தை இந்நேரம் தனியாக நின்று படித்திருப்பார். அந்த வசதியைச் செய்து கொடுத்தவன் நான்.

“ஓடு” என்றார் அப்பா. “நான் இந்தத் திருகை முடுக்கிட்டுப் பின்னாலேயே வர்றேன்.”

நான் போய்ச் சேர்ந்தபோது தபால் பிரிக்கும் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். புறாக்கூண்டு மாதிரி மரத் தடுப்புகள் இருந்த சுவரை ஒட்டி மேசை, மேசையில் மைக். அத்தை நடுவில் உட்கார்ந்திருந்தார், சீருடையோடு, மடியில் காலிப் பையோடு. முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் முகத்தில் எல்லாம் இருந்தது.

“ஏண்டா மூச்சு வாங்குற?”

“ஓடி வந்தேன் அத்தை.”

“பரவாயில்லையே. நடக்கவே அழுவ.”

அஞ்சு மணிக்கு போஸ்ட்மாஸ்டர் எழுந்தார். கோப்பைத் திறந்தார். கோப்புக்கு அடியில் பார்த்தார். மேசையைத் தட்டினார், அதற்குள்ளிருந்து எதுவும் வரவில்லை.

“ஒரு அருமையான பேச்சு தயார் பண்ணியிருந்தேன். எலி கொண்டுபோயிடுச்சு போல” என்றார். நான் கூரையைப் பார்த்தேன். “பரவாயில்ல, முக்கியமானது பேருக்கு அர்த்தம். அந்தச் சொல்தான் இப்ப சரியா நினைவுக்கு வரல. தம்பி, போன்ல ஒரு தட்டு தட்டிப் பாரு.”

தம்பி என்றது தபால் பிரிக்கும் குமாஸ்தாவை. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்; கையில் கிடைத்ததை உரக்கப் படித்துப் படித்தே பழகியவன்.

“கிளாடியா... இங்கிலீஷ்ல இருக்கு சார். லத்தீன். கிளாடுஸ் என்ற சொல்லில் இருந்து. நொண்டி, முடம்...” அதற்குள் அவன் குரல் அவனையே எட்டிவிட்டது. நிறுத்தினான். போஸ்ட்மாஸ்டருடைய கை தட்டுவதற்காக உயர்ந்து அந்தரத்தில் நின்றது.

எல்லாம் நடந்தேவிட்டது. நான் ஒன்றுமே செய்யாமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் நடந்திருக்காது.

அத்தை எழுந்தார். டக். சர்ர். டக். மேசைக்குப் போய்ப் பையில் கையை விட்டு நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

“சார், உங்க தபால். நாலு மணிப் பெட்டியில கிடந்தது. முகவரி இல்ல, ஆனா கையெழுத்து உங்களுது. என் கடைசி டெலிவரி, வாங்கிக்குங்க.”

“இது எப்படிம்மா பெட்டிக்குள்ள...”

“எலி போட்டிருக்கும்” என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல்.

அப்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்ச் சாரியில் அப்பா, துணி சுற்றிய பலகையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவில் வழி பார்த்து நின்றார். அத்தையின் குரலில் ஒரு அவசரம் வந்தது. கட்டிப்போடாத நாய் துரத்தும் தெருவில்கூட நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

“சார், எங்கண்ணன் வந்துட்டிருக்கார். அவர் உள்ள கால் வைக்கிறதுக்குள்ள படிக்க ஆரம்பிச்சுடுங்க. தம்பி, அந்தப் போனை உள்ள வை. இங்க இப்ப யாரும் எதையும் கேக்கல. சரியா?”

இருபத்திரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஒரு அரசு அலுவலகத்தில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒத்துக்கொண்டதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டினார். “கிளாடியா என்ற இந்த லத்தீன் பெயரின் பொருளைப் பல இணையதளங்களில் ஆராய்ந்தேன். எல்லாத் தளங்களும் ஒரே குரலில் சொல்கின்றன...”

கதவு திறந்தது. அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“...‘தளராமல் நடப்பவள்’!” தட்டு.

கைத்தட்டலில் கூடம் அதிர்ந்தது. எனக்குக் காது அடைத்தது வேறு காரணத்துக்காக. ஒன்பதாம் வகுப்பு கோடை விடுமுறையில், பெயர் அர்த்தம் போடும் ஒரு தமிழ் இணையதளத்தில் அப்பாவின் நீல நோட்டு முழுவதையும் நான் தட்டச்சு செய்து ஏற்றியிருந்தேன். நூறு பெயருக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். மூன்று நட்சத்திரம் வாங்கி மறந்தும் போயிருந்தேன். அதைப் பார்த்து ஒருவன் எழுத, அவனைப் பார்த்து இன்னொருவன் எழுதியிருக்கிறான். அந்தப் பல இணையதளங்களும் நான்தான். அன்று நான் திருடிய தாளில் இருந்ததும் எங்கள் வீட்டுப் பொய்தான்.

அப்பா பலகையை மேசையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பித்தளைத் தூள் என்றார். இரவு சாப்பிடும்போது மூன்று தடவை சொன்னார்: “பார்த்தியா, அவளுக்குத் தெரியவே இல்ல. கடைசி வரைக்கும் தெரியாமயே போச்சு.” நானும் மூன்று தடவை ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை வாசலில் டக்-சர்ர் கேட்டது. சீருடை இல்லாமல் அத்தை, கையில் பலகை. கால்கள் பழக்கத்தில் வட்டம் முழுவதையும் சுற்றிவிட்டுத்தான் இங்கே வந்திருந்தன.

“என்ன, திருகு ஆடுதா?” என்றார் அப்பா.

“திருகெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேருக்குக் கீழ ரெண்டு விரல் இடம் சும்மா கிடக்கு. உங்க கடையில அர்த்தம் இலவசமாமே?”

“போட வேணாம்னு உங்க ஆபீசர் சொன்னார்.”

“அவரு ஆபீசர் நேத்து வரைக்கும்தான். ஆர்டர் சீட்டைக் குடு.”

அத்தை நின்றபடியே சீட்டில் எழுதினார். தபால்காரர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. சீட்டை அப்பா பக்கம் திருப்பி வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

*தளராமல் நடப்பவள். வேண்டுமானால் ஓடுவாள்.*

அப்பா அதை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். ஒரு மனிதன் அவ்வளவு நேரம் தண்ணீர் குடிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“எப்ப?”

“ஒன்பதாம் வகுப்புல. ஒட்டின காகிதத்தைப் பார்த்தா யாருண்ணா உரிக்காம இருப்பாங்க?”

“அப்போ அடியில இருந்ததை...”

“அதையும் படிச்சேன். அப்புறம் மேல இருந்ததைப் படிச்சேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மறுபடி ஒட்டிட்டேன். உன் பசை மட்டம்ணா, என்னோடதுதான் இத்தனை வருஷம் நின்னிருக்கும்.”

“சொல்லியிருக்கலாமே குட்டி.”

அத்தையை யாரும் குட்டி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

“நீ சொல்லியிருக்கலாமே” என்றார் அத்தை. “கையில இருக்கிற தபாலை ரிட்டயர் ஆகுறதுக்குள்ள சேர்த்துடணும். இது ஒரு நாள் லேட்டு.”

அப்பா பலகையைப் பட்டறையின் இரும்புப் பிடியில் இறுக்கினார். பென்சிலால் கோடு போட்டார். அளந்தார்.

“ரெண்டாவது வரிக்கு இடம் பத்தாது.”

“சின்னதா எழுது.”

“ரொம்பச் சின்னதா வரும். யாருக்கும் தெரியாது.”

“கிட்ட வந்து பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சா போதும்” என்றார் அத்தை. “சரி, சீக்கிரம். வீட்டுல வேலை கிடக்கு, நான் நடந்தே போகணும்.”

அப்பா உளியை எடுத்தார். முதல் எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அந்தக் கோணலை இப்போதும் அத்தை வீட்டு வாசலில் பார்க்கலாம். ஆனால் கிட்டப் போக வேண்டும்.